கையெழுத்து ஒத்துப்போகவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா? அம்மா இன்னும் தார்ப்பாய்க்கு அடியில்தான் சமைக்கிறாளா?

புயலில் கூரை போனவர்களுக்கான பழுதுபார்ப்புக் கடன் மனுவை, வீட்டு உரிமையாளனான என் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கி திருப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நான் போட்டதுதான் அப்பா, இடது கையால். போன மாதம் மரம் அறுக்கும் மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. பயப்படாதீர்கள், புண் ஆறிவிட்டது. "உசுரோட இருக்கியே, அது போதும்டா" என்றார் மேஸ்திரி. இந்தக் கடிதத்தைக்கூட நான் சொல்லச் சொல்ல அறைத்தோழர்தான் எழுதுகிறார்.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்புங்கள். தினமும் அவரிடமே போட்டுவிடச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கலாமா என்று மேனேஜரிடம் கேளுங்கள். இடது கட்டைவிரல்தான் வைக்க முடியும். வலதில் அது இல்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடுங்கள்.

எழுதுகிறவரை வேலைக்கு ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்