மலையேறிய நிரல்

இன்று காலை போடி பார்சல் ஆபீசில் நின்றுகொண்டிருந்தேன். ரசீது அடிக்க அங்கே இன்னமும் அந்தக் காலத்து பிரிண்டர்தான். ஊசிகள் தாளைக் கொத்தும் சத்தமும் மை நாடாவின் எண்ணெய் வாசனையும் ஒன்றாக வந்தன. ரசீதை நீட்டியவர் மறுபடியும் கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது. அதுவரை நான் பழைய ஏல ஆபீசில், உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் பின்பாதி. அதற்கு முன்பே மதுரையில் நாம் ஒரே வகுப்பில் கணிதம் படித்திருந்தோம். நீ பெங்களூருக்குப் போய்ச் சில வருடம் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதும் போடிக்கே திரும்பி வந்தாய். ஏலக்காய் ஏலம் நடத்தும் கம்பெனி ஒன்று அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. நீ வேலைக்குச் சேர்ந்த கையோடு, ராசிங்காபுரத்தில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த என்னையும் இழுத்துக்கொண்டாய். "ஏ புள்ள, அவன் வர்றப்ப வரட்டும். நீ வெரசா பஸ்சு ஏறி வா" என்று சொல்லி அனுப்பினாய்.

அந்தக் கட்டடத்திலேயே குளிரூட்டிய அறை மிசினுக்குத்தான், முதலாளிக்கு இல்லை. அவர் கோயிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார். நீ பேனாவைச் சடையில் செருகிக்கொண்டு, அப்பாவின் பெரிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, மிசினை அதட்டி வேலை வாங்குவாய். "நகரு, நகரு, எம்புட்டு நேரம்?" மாட்டை ஓட்டுகிற மாதிரி இருக்கும். விவசாயி கொண்டுவந்த காய்க்கு யார் என்ன விலை கேட்டார், யாருக்குப் போனது என்பதை எல்லாம் நீ எழுதிய நிரல்தான் வாங்கி வைத்தது. முதல் சில மாதங்கள் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

காய் வரத்து உச்சத்துக்கு வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. ஒவ்வொரு விற்பனையையும் பதிந்ததும் திரை அப்படியே உறைந்து நிற்கும். வடக்கேயிருந்து வந்த வியாபாரிகள் கொட்டாவி விடுவார்கள். ஒரு நாள் தேவாரத்துக்காரர் ஒருவர் கண்ணாடிக் கதவைத் தட்டி, "ஆனை விட்டு வச்சதத்தான் அள்ளிக் கொண்டாந்திருக்கேன். அதையும் இந்தப் பொட்டி முழுங்கிருச்சா?" என்று சத்தம் போட்டார். கூடம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நம் இருவரையும் கூப்பிட்டார். "ஆத்தா, பொம்பளப் புள்ளைகள நம்பி ஏலத்த விட்டுட்டான்னு என் காதுபடப் பேசுறாங்க. நான் கண்டுக்கல. ஆனா இன்னொரு தடவ இது நின்னுச்சுன்னா பழையபடி பேப்பருதான். அப்புறம் ஒங்களுக்கு இங்க சோலி இல்ல."

மிசினை விற்ற கம்பெனியின் என்ஜினியர் மதுரையிலிருந்து வந்தார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு முதலாளியிடம், "உங்க வேலைக்கு இதோட வேகம் பத்தாது சார், பெரிசா ஒண்ணு எடுக்கணும்" என்றார்.

நீ கேட்டாய்: "அளந்து சொல்றீங்களா சார், நினைச்சுச் சொல்றீங்களா?"

"அனுபவம்மா."

அவர் போனதும் என்னிடம் சொன்னாய்: "நாடி பாக்காமலே மருந்து எழுதிக் குடுத்துட்டுப் போறாரு புள்ள."

நாடி பார்க்கும் வேலையை மறுநாளே தொடங்கினாய். மிசின் எவ்வளவு நேரம் உண்மையில் கணக்குப் போடுகிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது, தகவல் பதிந்திருக்கும் வட்டிலிருந்து எவ்வளவு படிக்கிறது, நினைவகத்தில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டுச் சொல்லும் சிறு சிறு நிரல்கள். அவற்றை இரண்டு பாகமாகப் பிரித்தாய். மேல் பாகம் கேள்வி மட்டும் கேட்கும். எந்த மிசினானாலும் அதே கேள்விதான். கீழ் பாகம் அந்தந்த மிசினின் பாஷை தெரிந்து பதில் வாங்கி வரும். புது மிசின் வந்தால் கீழ் பாகத்தை மட்டும் எழுதினால் போதும்.

எனக்குப் புரியவில்லை. வேலையே போகப்போகிறது. "நம்மகிட்ட இருக்கறது ஒரே மிசினு. ஊருல உள்ள மிசினுக்கெல்லாம் நீ எதுக்குடி எழுதுற?"

"ஒரு கடையில மட்டும் சரியா நிறுத்தா அதுக்குப் பேரு தராசாடி?"

நிரல் ஓடியது. கணக்குப் போடும் பகுதி பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது. வட்டிலிருந்து தகவல் வருவதற்காகக் காத்துக் கிடந்தது. வேகம் பற்றாமல் இல்லை. என்ஜினியருக்குப் போன் போட்டுச் சொன்னோம். அவர் அந்தப் பக்கத்திலிருந்து, "அளக்கறதும் நீங்க எழுதின புரோகிராம்தானே? அதுவே தப்பாச் சொன்னா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ போனை வைத்தாய். "நியாயமான கேள்விடி. வேற மிசினுல ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றாய்.

வேறு கம்பெனி மிசின் பக்கத்தில் இருந்தது ஓரிடத்தில்தான்: குரங்கணிக்கு மேலே, ஓர் எஸ்டேட் ஆபீசில். உர மூட்டை லோடு ஏற்றிய ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினோம். மேகம் இறங்கி ஜீப்புக்குள்ளேயே புகுந்தது. ஈரம் பட்டால் நிரலை ஏற்றியிருந்த பிளாப்பி கெட்டுவிடும் என்று அதைத் தூக்குவாளிக்குள் வைத்து மூடி மடியில் கட்டிப் பிடித்திருந்தாய். டிரைவர், "என்னக்கா, கறிக்கொழம்பா?" என்று கேட்டார். "ஆமாண்ணே, சிந்தாம ஓட்டுங்க" என்றாய்.

எஸ்டேட் கணக்கர் மலையாளம் கலந்து பேசுகிறவர். "பேடிக்க வேண்டா மேடம், இது நல்ல மிசினாக்கும்" என்று தைரியம் சொல்லி நாற்காலி போட்டார். கீழ் பாகத்தை அந்த மிசினுக்காக மாற்றி எழுதி ஓட்டினாய். திரையில் வந்த விடையை மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் அந்த மிசின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உழைத்திருப்பதாகக் காட்டியது.

நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். "இத ஒங்க மொதலாளிகிட்டச் சொல்லிராதீங்க. எல்லாருகிட்டயும் இப்படித்தான் உழைக்கணும்பாரு."

சிரித்து முடித்ததும் அப்பாவின் கடிகாரத்தைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் வைத்தாய். நொடிமுள் உச்சிக்கு வரும்போதெல்லாம் நான் "இப்ப" என்று சொல்ல வேண்டும். நீ மிசினின் உள்கடிகாரம் எத்தனை தடவை துடித்திருக்கிறது என்று குறித்துக்கொள்வாய். வெளியே மழை. கடுங்காப்பி வந்து, ஆறி, மறுபடி வந்தது. கடைசியில் பிடிபட்டது. ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது மிசினுக்கு மிசின் வேறு. மேல் பாகத்தில் நம் மிசினின் எண்ணையே எல்லாவற்றுக்கும் பொது என்று எழுதிவிட்டிருந்தாய். கீழே போடியில் நாம் அளந்தது சரி. ஆனால் தற்செயலாகச் சரி.

"அந்த என்ஜினியரு கேக்காட்டி இது தெரிஞ்சிருக்காது புள்ள" என்றாய். துடிப்பின் கணக்கை மிசினிடமே கேட்டு வாங்கும்படி அங்கேயே திருத்தினாய். விடை ஒழுங்காக வந்தது. கணக்கர் நம்மைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

அடுத்த ஏல நாள் காலையில் மிசின் மறுபடி நின்றது. கூடத்தில் முணுமுணுப்பு. முதலாளி வாசலில் நின்றார்; என்ஜினியரும் அன்று வந்திருந்தார். நீ அளவு நிரலை ஓடவிட்டு, எந்த நிரல் வட்டை இப்படிப் போட்டு உழுகிறது என்று தேடினாய். விடை வந்தது. நீயே எழுதிய துண்டு. ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் விவசாயியின் மொத்தக் கணக்கைக் காட்ட, அந்தப் பருவத்தின் பதிவு முழுவதையும் முதலிலிருந்து அது படித்துக்கொண்டிருந்தது. வரத்துக் குறைவாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை.

என் கை உன் முழங்கையைப் பிடித்தது. இதைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட முடியும். திரை தெரியும் இடத்தில் இருந்தவர்கள் நாம் இருவர்தான். நீ என் கையை மெல்ல எடுத்துவிட்டு எழுந்தாய்.

"மொதலாளி, மிசினு மேல தப்பு இல்ல. நான் எழுதினதுலதான் தப்பு. மதியச் சாப்பாடு வரைக்கும் டயம் குடுங்க."

கதவுக்கு அப்பால் நின்ற வியாபாரிகள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். முதலாளி உன்னையே பார்த்தார். "அப்ப பெரிய மிசினு?"

"வேண்டாம்."

"சரி, சாப்ட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் சாப்பிட்டு இலையை எடுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் நீ முடித்திருந்தாய். ஒவ்வொருவருடைய மொத்தத்தையும் தனியே வைத்துக் கூட்டிக்கொண்டே போகும்படி மாற்றினாய். பிற்பகலில் விலை கேட்ட வாய் மூடுவதற்குள் பதிவு முடிந்தது. ஏலம் கலைந்த பிறகு முதலாளி வந்தார். "அடுத்தவன் வந்து இதக் கண்டுபிடிச்சிருந்தா ஒன்னைய அனுப்பியிருப்பேன் ஆத்தா. நீயே சொல்லிட்ட. போ, சோலியப் பாரு."

அந்த என்ஜினியர், தன் கம்பெனி அந்த அளவு நிரலை விலைக்கு வாங்கி விற்கும் என்றார். நீ பிளாப்பியில், யாரும் படித்துத் திருத்தும்படி நிரலின் மூல வரிகளையே போட்டு அவர் கையில் கொடுத்தாய். "சும்மாவே கொண்டுபோங்க சார். கேக்குற எல்லாருக்கும் குடுக்கப் போறேன். எதையாச்சும் திருத்துனா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க, அது போதும்." இப்படிப் பொதுவில் விடுவதற்கு 'ஓப்பன் சோர்ஸ்' என்று பெயர் ஒன்று உண்டு என்பது நமக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கோயம்புத்தூர் மில்லுக்கும், மதுரைக் கல்லூரிக்கும், கேள்விப்பட்டுக் கேட்டவர்களுக்கும் தபாலில் போனது. நாம் கண்ணால் பார்க்காத மிசின்களுக்கான கீழ் பாகங்கள் யார் யாரோ எழுதித் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் நீ சோதித்து, சேர்த்து, மறுபடி எல்லோருக்கும் அனுப்பினாய்.

பிறகு மிசின்கள் மாறின. நீ மாறவில்லை. பல வருடம் கழித்துச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோதும், கருவி காட்டும் எண்ணைப் பற்றி நர்சைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாய்.

உன்னை மண்ணில் வைத்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில் வயதான ஒருவர் என்னிடம் வந்தார். அந்த என்ஜினியர். மதுரையிலிருந்து பஸ்சில் வந்திருந்தார். அடையாளம் தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது.

"அந்த அளக்கற புரோகிராமோட தலைப்புல உதவி பண்ணினவங்க பேரெல்லாம் போட்டிருந்தாங்களே, பாத்தீங்களாம்மா?" என்றார். "முதல் பேரு என்னோடது. நான் ஒரு வரிகூட எழுதல. 'சந்தேகப்பட்டதற்கு நன்றி'ன்னு போட்டிருந்தாங்க. வீட்டுல எல்லாருக்கும் காட்டியிருக்கேன்."

உன் பக்கத்திலேயே இருந்தேன். அந்த வரியைக் கவனித்ததே இல்லை.

இப்போது போடியிலும் தேனியிலும் கடைகளுக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். உன் அளவு திறமை எனக்கு வரவில்லை. ஆனால் யாராவது வாசலில் வந்து, "ஒங்க புரோகிராமு தப்பாக் காட்டுதும்மா" என்று குரலை உயர்த்தினால், முன்பெல்லாம் பொத்துக்கொண்டு வரும் கோபம் இப்போது வருவதில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.

"உக்காருங்கண்ணே. எங்க தப்பாக் காட்டுதுன்னு சொல்லுங்க, பாப்போம்."