இரண்டு குக்கருக்கும் நான்கு விசில்

செவ்வாய், இரவு

ஒரே இனக் குஞ்சுகளில் பாதியை நான் கொட்டகையில் வளர்த்தேன். மீதியை மனைவி சுதா தென்னந்தோப்பில் மேயவிட்டாள். என் கறி நன்றாக இருந்தால் அவள் கோழிகளையும் அடைத்துவிடுவது என்று பேச்சு. இன்று இரண்டையும் தனித்தனிக் குக்கரில் சமைத்தேன். சோதனை என்றால் சமமாக இருக்க வேண்டுமே என்று இரண்டுக்கும் நான்கு விசில். அவள் கோழி ரப்பர் மாதிரி இழுத்தது. கொட்டகைதான் ஜெயித்தது என்றேன்.

"ஏனுங்க, படிச்ச படிப்பு இதானுங்களா? உக்காந்து தின்னதுக்கும் ஓடித் திரிஞ்சதுக்கும் ஒரே விசிலுங்களா?" என்று அதை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

வெந்த பிறகு அதில் இருந்த ருசி என் கறியில் இல்லை. வாய்விட்டுச் சொல்ல மனம் வராமல் தட்டை நீட்டினேன். அவள் கரண்டியை உயரே பிடித்துக்கொண்டாள்.

"அப்ப, என்ற கோழிகள அடைக்கறதில்லைங்களே?"

இல்லை என்ற பிறகுதான் ஊற்றினாள்.