எலுமிச்சம்பழம் இருந்த குழி

இன்று அமாவாசை. ஜட்காவின் முன்னால் கட்டியிருந்த பழைய எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து எறிந்துவிட்டுப் புதுப்பழம் கோத்தேன். ஊசி ஏறியதும் சாறு விரலில் வழிந்தது. கையைக் கழுவியும் வாசனை போகவில்லை. காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியாமல் வாசலுக்கும் லாயத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் மருமகளைக் கூப்பிட்டு நோட்டும் பென்சிலும் எடுக்கச் சொன்னேன். எனக்கு எழுத்து தெரியாது; சிநேகிதனே, உனக்கும் தெரியாது. செத்துப்போனவருக்கு எழுதி என்ன மாமா செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள். நான் சொல்கிறதை எழுதும்மா என்றேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீ கேட்ட கேள்வி ஒன்று என்னிடம் அப்படியே கிடக்கிறது.

முதல் ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷங்கள் அவை. அல்சூர், ஜோகுபாளையம் பக்கத்து ஆட்கள் பதினோரு பேர் சேர்ந்து பந்தாடினோம். ஒருவன் காலிலும் பூட்ஸ் கிடையாது. நீ முன்னால் ஆடுகிறவன், நான் கோல் கீப்பர். மாதா கோயில் தெருவிலிருந்து நீ விடியும்போதே ஏரிக்கரைக்கு வந்துவிடுவாய். அங்கே இடிந்த சுவர் ஒன்றில் கரியால் வட்டம் போட்டு, பந்து அதில் பத்துத் தரம் படுகிறவரை வீட்டுக்குப் போகமாட்டாய். குதிரையைத் தண்ணீர் காட்ட ஓட்டி வரும் நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்பது பட்டு ஒன்று தவறினால் முதலிலிருந்து தொடங்குவாய். பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எனக்கு எலுமிச்சம்பழம் இருந்தது. வண்டிக்குக் கட்டுகிற பழத்தைக் கோலுக்கு வைத்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. ஆட்டம் தொடங்கும் முன் கோலுக்கு ஒரு முழம் முன்னால் குதிகாலால் குழி பறித்துப் பழத்தைப் புதைத்து மண்ணைத் தள்ளிவிடுவேன். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும்போது அதைத் தோண்டி மடியில் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி, அங்கே புதைப்பேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"உன் கையிலதான்டா இருக்குது எல்லாம். பழத்துல என்ன இருக்குது?" என்றாய்.

நீ மட்டும் ஆட்டத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்கிறாயே என்றேன்.

"சிலுவைக்குக் குழி தோண்ட வேணாம்டா. எவனாவது காலை மடக்கிக்கப் போறான்."

கோப்பைப் போட்டியின் கடைசி ஆட்டம் வெள்ளைக்கார சோல்ஜர்களோடு என்று ஆனபோது, இந்த ஒரு ஆட்டத்துக்குப் பழம் வேண்டாம் என்று நீ என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினாய். ஜெயித்தால் ஆடி ஜெயித்தோம் என்று இருக்கவேண்டும் என்றாய். சரி என்றேன்.

அந்த ஆட்டத்தில் கிடைக்கப்போனது கோப்பை மட்டும் இல்லை. பஞ்சு மில்லின் மேஸ்திரி முந்தின நாள் ஏரிக்கரைக்கே வந்து நம் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: மில் டீமுக்கு ஆள் வேண்டும், துரை ஆட்டம் பார்க்க வருகிறார், உங்களில் ஒருவனுக்கு நிரந்தர வேலை. இரண்டு பேருக்கும் இல்லை, ஒருவனுக்கு. உனக்கு அப்போது வேலை இல்லை, மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாய். எனக்கு அப்பாவின் ஜட்கா இருந்தது, அதை விட்டு ஓடவேண்டும் என்ற வெறியும் இருந்தது. திரும்பி வரும்போது நீதான் பேச்சைத் தொடங்கினாய். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது என்றாய். அதற்கும் சரி என்றேன்.

மறுநாள் மடியில் பழத்தோடுதான் மைதானத்துக்கு வந்தேன். நீ நடுக்கோட்டில் நின்று சிலுவை போட்டுக்கொள்ளும் நேரம் பார்த்து அதைப் புதைத்தேன்.

முதல் பாதி முழுக்க நம் கோல் பக்கமே ஆட்டம். பூட்ஸ் கால்கள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தன. எத்தனை பந்து தடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஒன்று நெஞ்சில் பட்டு மூச்சே நின்றுவிட்டது. ஒன்று கம்பத்தில் பட்டு வெளியே போனது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துரை என்னைக் காட்டி மேஸ்திரியிடம் ஏதோ சொன்னதைப் பார்த்தேன். வேலை எனக்குத்தான் என்று உள்ளுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

பக்கம் மாறும் நேரம் பழத்தைத் தோண்டினேன். மண்ணைத் தள்ளி மிதிக்கக் குனியும்போது அவர்களுடைய கீப்பர், ஆறடி ஆள், பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். கிளம்பு என்று கையைக் காட்டினான். காலால் இரண்டு தேய் தேய்த்து, பொலபொலவென்று இருந்த மண்ணை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்குப் பயந்து பழத்தை அங்கே புதைக்கவில்லை. மடியிலேயே இருந்தது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. உன்னிடம் பந்து வந்தது. ஒருவனைத் தாண்டினாய். அடித்தாய். பெரிய அடி இல்லை அது. தரையோடு தரையாகப் போய்க் கோலுக்கு முன்னால் ஒரு தடவை குத்தி எழும்பவேண்டிய பந்து. கீப்பர் அதற்காகக் கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றான். பந்து எழும்பவில்லை. செம்மண் பொசுக்கென்று தெறித்தது. அவன் கால் நடுவே புகுந்து உள்ளே போய்விட்டது.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து எனக்கு அந்த மண் தெறித்தது மட்டும்தான் தெரிந்தது.

விசில் ஊதியதும் ஜனங்கள் உள்ளே ஓடி வந்து உன்னைத் தோளில் தூக்கினார்கள். நான் அந்தக் கோலுக்குப் போனேன். குழி மறுபடி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. விளிம்பில் பந்தின் தையல் பதிந்திருந்தது. காலால் தேய்த்து மூடினேன், தரையும் குழியும் ஒன்றாகும் வரை.

துரை உன்னைக் கூப்பிட்டார். நீ தனியாகப் போகவில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். "இவனையும் எடுங்க தொரை. இவன் தடுக்கலேன்னா என் கோலுக்கு ஏது மரியாதை?" என்றாய். மேஸ்திரி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்துக்கொண்டே, மில்லுக்குக் கீப்பர் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. சரி என்று சொன்ன இரண்டில் அந்த ஒன்றையாவது காப்பாற்றினேன்.

கீப்பர் குனியமாட்டான் என்று கணக்குப் பண்ணி அடித்தான் பார் என்று டீக்கடையில், சலூனில், கோயில் வாசலில் எல்லாம் பேச்சு. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பொறாமை என்பார்கள். சத்தியம் மீறியதும் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு ஜட்கா ஓட்டினேன்.

ஆனால் அந்த மாதிரி இன்னொரு கோல் உனக்கு விழவில்லை. மில் மைதானத்தில் நீ அதையே அடித்து அடித்துப் பார்த்தாய், ஒவ்வொரு தடவையும் பந்து எழும்பிக் கீப்பர் கைக்கே போனது. இரண்டு வருஷத்தில் உன்னை டீமிலிருந்து எடுத்துவிட்டுப் பஞ்சுக்கட்டுப் பிரிக்கும் இடத்தில் போட்டார்கள். "என்னப்பா, ஒத்தக்கோலு" என்று சின்னப் பையன்கள் கூப்பிடும் அளவுக்கு ஆனது. நீ சிரித்துக்கொண்டே போவாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வண்டியில் ஏறினால் மட்டும் சிரிப்பு போய்விடும். அன்றைக்கு என் காலை எப்படி வைத்தேன், எங்கே பார்த்தேன் என்று முதலிலிருந்து தொடங்குவாய். நான் குதிரையை அதட்டுகிற சாக்கில் பேச்சை மாற்றுவேன்.

பஞ்சு உன் நெஞ்சில் சேர்ந்தது. இருமல் வந்தால் வண்டியே ஆடும். அந்த வேலை எனக்குக் கிடைத்திருந்தால் அந்த இருமல் எனக்கு வந்திருக்கும். அதை அதிர்ஷ்டம் என்பதா, வேறு என்னவென்பதா? யாருடைய அதிர்ஷ்டம்? இதை நினைத்தால்தான் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

ஆஸ்பத்திரிக்கு உன்னை என் வண்டியில்தான் கொண்டுபோனேன். மைதானத்தைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னாய்.

"நீ எதிர்க்கோல்லேருந்து பாத்தவன். உள்ளதச் சொல்லு. அது என் காலா, இல்ல சும்மா விழுந்துச்சா?"

"உன் காலுதான்டா" என்றேன்.

ரொம்ப நேரம் இருமினாய். இருமல் அடங்கியபிறகு மெதுவாகக் கேட்டாய்: "என்னை எல்லாரும் தூக்கிட்டுப் போறாங்க. நீ ஒருத்தன் மட்டும் அந்தக் கோலுகிட்ட போய்க் காலால தேச்சிக்கிட்டிருந்த. மேலேருந்து பாத்தேன். அங்க என்னடா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் குதிரையைத் தட்டினேன்.

மூன்றாம் நாள் நீ இல்லை.

இப்போது சொல்கிறேன். அங்கே குழி இருந்தது. நான் தோண்டினது. என் கோலைக் காக்க, உன்னை முந்தி அந்த வேலையை வாங்கத் தோண்டினது. பந்து அதில் விழுந்ததால்தான் எழும்பவில்லை. இது ஒரு பாதி. இன்னொரு பாதி, ஏரிக்கரைச் சுவரில் நீ கரியால் போட்ட வட்டம். அந்தக் குழியும் அவ்வளவு அகலம்தான். அன்றைக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் அடித்தார்கள், ஒருவன் பந்தும் அங்கே போய் விழவில்லை. உனக்குக் குழி தெரியாது. உன் காலுக்குத் தெரிந்ததோ என்னவோ. பாதி பாதி என்று மனசு ஒரு நாள் ஒத்துக்கொள்கிறது, மறுநாள் ஒத்துக்கொள்வதில்லை. வண்டியில் அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் நீயே தீர்த்துவைத்திருப்பாய்.

வண்டியை எங்கே நிறுத்தி இறங்கினாலும் என் வலது கால் மண்ணைத் தேய்க்கிறது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் தேய்க்கிறது போலிருக்கிறது. மருமகள் பென்சிலை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"கீழ என்ன மாமா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இதுவரை எழுதினதை முதலிலிருந்து படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நீயும் கேள்.