சதவீதக் குறிக்குப் பின்னால்

மார்ச் 10
செய்தி வந்தது போன செவ்வாய், பிற்பகல் 3.42. என் மனைவியின் ஆய்வகத் தோழி பேசினாள். இவள் மேசையிலேயே சரிந்துவிட்டாளாம். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.
அதற்கு முன் எடுக்காத அழைப்பு ஒன்று இருந்தது. அவளுடையது. 2.11. நான் மீட்டிங்கில். போன் சைலண்டில்.

மார்ச் 13
அவளுடைய பேராசிரியர் பேசினார். "ஆய்வேடு முடிஞ்ச மாதிரிதான் தம்பி. நீங்க சரிபார்த்து இருபதாம் தேதிக்குள்ள அனுப்பிட்டா பட்டம் அவ பேர்லயே வரும்."
சரி என்றேன்.

மார்ச் 14
ஆய்வேட்டை லாடெக்கில், அதை அச்சுப்பக்கமாக்கும் மென்பொருளில், ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முடிவு எண்ணையும் தனியாக ஒரு சின்னக் கோப்பில் வைத்து, அங்கிருந்து வாக்கியத்துக்குள் இழுத்திருக்கிறாள். மொத்தம் நாற்பத்தொன்று. கோப்பின் கடைசியில் வரி முடிவதையும் லாடெக் ஓர் இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். எண்ணுக்கும் முற்றுப்புள்ளிக்கும் நடுவே ஓட்டை விழுகிறது.
0.83 .
இப்படி.
போன மாதம் இதைத்தான் கேட்டாள். "எண்ணை ஒட்டி ஒரு சதவீதக் குறி போடு. வரி முடிவை அது முழுங்கிடும். அதுக்கப்புறம் என்ன எழுதினாலும் அச்சுல வராது" என்றேன்.
"ஒரு ஸ்பேஸுக்கு உயிரை விடுறியேடா" என்று சிரித்தாள்.

மார்ச் 15
பன்னிரண்டு கோப்பில் குறி போட்டாயிற்று.

மார்ச் 16
அவள் தங்கை வந்தாள். டீயைத் தொடவே இல்லை.
"மாமா, அக்கா உங்ககிட்ட எதுவுமே சொல்லலியா? தலைவலின்னு கூட?"
"சொல்லலம்மா."
"ஒரே வீட்டுலதானே இருந்தீங்க?"
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "முடிஞ்சதும் அந்த ஃபோல்டரை எனக்கும் அனுப்புங்க. அக்கா கை பட்டது எல்லாம் வேணும். எதையும் அழிச்சுடாதீங்க."

மார்ச் 17
இருபத்தேழாவது கோப்பு. குறி ஏற்கெனவே இருக்கிறது. அவளே போட்டது. அதற்குப் பின்னால், அச்சில் வராத இடத்தில்:
"பிப் 19. இடது கை மறுபடி மரத்துப்போச்சு. சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவான். ஆய்வேட்டைக் குடுத்துட்டுச் சொல்லிக்கலாம்."
மீதியைத் திறக்கவில்லை.

மார்ச் 18
திறந்தேன்.
31: "மூணு நாளா தலைவலி."
36: "பேசும்போது ஒரு வார்த்தை வரவே மாட்டேங்குது. பயமா இருக்கு."
அன்னிக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்? பக்கத்து நாற்காலியிலதானே உட்கார்ந்திருந்தேன்? ஒளிச்சு வைக்க இடம் காட்டிக் குடுத்ததே நான்தானே?

மார்ச் 19
41: "மார்ச் 4, 2.15. போன் எடுக்கல. மீட்டிங் போல. இன்னிக்குச் சொல்லிடணும்."

மார்ச் 20
ஆய்வேடு போய்விட்டது. எல்லா எண்ணையும் ஒட்டியே புள்ளி. ஓர் ஓட்டைகூட இல்லை.
குறிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் துடைக்க ஒரே கட்டளை போதும். தட்டிவிட்டேன். என்டர் மட்டும் அடிக்கவில்லை. தட்டிய கட்டளையை அழித்தேன். ஃபோல்டரை இருந்தபடியே அவள் தங்கைக்கு அனுப்பினேன். இருபத்தேழிலிருந்து படிம்மா என்று மட்டும் எழுதினேன்.
4.05க்குத் தங்கையின் அழைப்பு. எடுக்கவில்லை.
4.06. மறுபடி.
போனை அணைத்துவிட்டேன்.