மஞ்சள் தடவிய மறுப்பு

புந்தோங், ஈப்போ
11-11-1981

அன்பு மகள் தவமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி மதராசில் இருக்கிற உன்னையும் மாரியம்மா அப்படியே வைத்திருக்க வேண்டும். உடம்பு சரிதான், மனசுதான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ சொல்லிக்கொடுத்த முறையில் நல்ல சேதியை முன்னால் போட்டு, கெட்டதை நடுவில் மெத்தை போட்டுப் படுக்க வைக்கிற வேலை இனி என்னால் ஆகாது. நேராகவே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று நாம் எழுதிய கடிதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சித்தியவான்காரர்கள் போன ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வந்துவிட்டார்கள். தை மாதம் கல்யாணம் என்கிறார்கள். தட்டு நம் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது.

படித்ததும் பதறாதே, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆவணியில் சின்னையா அண்ணன் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தபோது உனக்கு எழுதினேன், சித்தியவான் இருளாயி அக்காவின் ஒரே மகன் சதாசிவம், பக்கத்து ஊர் லுமுட்டில் ஆபீசில் எழுதுகிற கிராணி வேலை, தகப்பனார் காலமாகிவிட்டார் என்று. நீ உடனே கல்லூரியில் கற்ற வித்தையை என்னிடமே காட்டினாய். ஊரில் சொல்கிறார்கள் என்று மட்டும் எழுதாதே அம்மா, சொன்னது யார், அவர் கண்ணால் பார்த்தாரா, இன்னொருவரும் அதையே சொல்கிறாரா என்று கேட்டு எழுது, எங்கள் ஆய்வு வகுப்பில் அப்படித்தான் கேட்பார்கள் என்றாய். மறுக்க ஒரு காரணம் கிடைக்கும் என்றுதானே என்னை அனுப்பினாய், எனக்குத் தெரியாதா. நானும் விடவில்லை. பஸ் ஏறிப் போய் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், அந்த மாக்சிக்கிடம் கேட்டேன், மளிகைக்கடைச் சீனரிடம் கேட்டேன், பையனோடு வேலை பார்க்கிற ஒருவரைப் பிடித்தும் கேட்டேன். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். தகப்பனார் கை கால் விழுந்து படுக்கையில் கிடந்தபோது அந்தப் பையன் தினமும் வேலைக்குப் போகுமுன் அவரைத் தூக்கிவந்து குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டுத்தான் போவானாம். மாக்சிக் வேலி ஓரமாக நின்று தினமும் பார்த்திருக்கிறாள். நான் தேடிப் போனது ஒரு குறை, கிடைத்தது இதுதான்.

அதையும் ஒளிக்காமல் உனக்கு எழுதினேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும் அம்மா, எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், கடைசி வருடத்தை முடிக்க வேண்டும், ஆய்வுக் கட்டுரையை ஒப்படைக்க வேண்டும், பிறகு வேலைக்குப் போக வேண்டும், என் பேரைச் சொல்லி யாரும் காத்திருக்கவும் வேண்டாம் என்று பதில் போட்டாய். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தாய், அது பிடித்திருந்தது, சரி என்றேன். இனி அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் ஆட்களில் வேண்டாம் என்பதை யாராவது கடிதம் போட்டுச் சொல்லியிருக்கிறார்களா? ஜாதகம் பொருந்தவில்லை என்று நடுவில் நிற்கிறவர் வாயால் சொல்லி அனுப்புவார்கள், அல்லது பதிலே போடாமல் இருந்துவிடுவார்கள், கேட்டவர்களும் புரிந்துகொள்வார்கள். ஆனால் ஜாதகம் பொருந்தியிருந்தது, அவர்களே பார்த்துவிட்டார்கள். அப்படிப்பட்ட பையனைப் பெற்றவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உன்னிடம் யோசனை கேட்டேன், நீயும் வணிகக் கடித வகுப்பில் சொன்னதை எழுதி அனுப்பினாய். முதலில் நன்றி, அடுத்துப் பாராட்டு, பிறகு காரணம், காரணத்துக்குள்ளேயே மறுப்பு, இல்லை முடியாது என்ற சொல்லே வரக்கூடாது, கடைசியில் உறவு தழைக்க வாழ்த்து.

பீடோர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்து வீடுகளில் பாதிப் பேருக்கு ஊர்க் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான், எனக்கா எழுத வராது. உட்கார்ந்து எழுதினேன். உங்கள் வீட்டிலிருந்து எங்கள் மகளைக் கேட்டதே எங்களுக்குப் பெருமை என்று ஆரம்பித்து, பையனைப் பற்றி விசாரித்ததையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதி, மகளின் படிப்பு முடியும் வரை வேறு பேச்சுக்கு இடமில்லாத நிலையில் இருக்கிறோம் என்று ஒரே ஒரு வரி போட்டு, இரு குடும்பத்து உறவும் என்றும் தழைக்க வேண்டும் என்று முடித்தேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், ரொம்ப நல்லாருக்கு என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு, சாமிக்கு மஞ்சள் அரைத்த கை. கடிதத்தை மடிக்குமுன் பழைய பழக்கத்தில் நாலு மூலையிலும் மஞ்சளைத் தடவிவிட்டேன். தபாலில் போட்ட பிறகுகூட அது என் புத்திக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், வாசலில் கார் வந்து நிற்கிறது. இருளாயி அக்கா பட்டுப் புடவையில், அவருடைய தம்பி பத்துமலை, கூடச் சின்னையா அண்ணன். தட்டில் தேங்காய், வெற்றிலை, பூ, ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம், மேலே மாம்பழ நிறத்தில் சேலை. கடிதாசியில மஞ்சளப் பாத்ததும் எனக்குக் கை காலு ஓடல தங்கச்சி, ஒடனே ஓடியாந்துட்டேன் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மா. படிப்பு என்று நான் இழுத்தேன். அதற்குப் பத்துமலை, படிப்பு முடியும் வரைக்கும்னு எழுதியிருந்தீங்க, அதான் ரெண்டு வருசம் முடிஞ்சிருச்சேலா, மிச்சத்தத் தபால்ல படிச்சிக்கிட்டாப் போச்சு, பையனுக்கு வேலையில குவாட்டர்ஸ் வீடு வருது, கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் குடுப்பாங்க, தையிலயே முடிச்சிடலாம்லா என்கிறார். நான் சொல்ல வேண்டியதை மென்று விழுங்கிவிட்டுக் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனேன். போயிருக்கக் கூடாது. திரும்பி வந்தால் தட்டு அப்பா கையில் இருக்கிறது. என் கைதான் மீன் நாற்றம், அவர் கை சுத்தமாக இருந்ததே வினையாகப் போயிற்று.

அவர்கள் போனதும் நான் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அப்பா, அந்தம்மா தட்டத் தூக்கிக்கிட்டே நிக்கிறாங்க, நான் என்னலா செய்யிறது என்றார். ஆயிருச்சு வீரம்மா, விடு, பையனும் நல்ல பையன், நீதானே விசாரிச்ச என்றும் சொன்னார். அதுதான் என்னைத் தூங்க விடாமல் அரிக்கிறது மகளே. குறை சொல்ல ஒன்றுமில்லை. நீ பாதியில் வந்துவிட்டால் ஊரே சந்தோஷப்படும், எனக்கும் ஒரு மூலையில் சந்தோஷம் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ மட்டும் அந்தக் குவாட்டர்ஸ் சன்னல் ஓரத்தில் முடிக்காத கட்டுரையை நினைத்துக்கொண்டு நிற்பாய், அந்த நல்ல பையன் தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தட்டுப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. பூ வாடிவிட்டது. பழம் கனிந்து வீடெல்லாம் வாசனை, ஒன்றைத் தின்றால் சம்மதித்தது போல ஆகிவிடும் என்று நாங்கள் இருவரும் தொடுவதில்லை. உன்னைக் கேட்டு எழுதி, நீ பதில் போட்டு, அது வந்து சேருவதற்குள் அவர்கள் மண்டபமே பார்த்துவிடுவார்கள். அடுப்பில் பருப்பு பொங்குகிறது, இரு.

வெள்ளிக்கிழமை. அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். நேற்று சித்தியவானுக்குப் போய் வந்துவிட்டோம். தனியாகப் போவதாகத்தான் புறப்பட்டேன், யாரிடமும் பேசவில்லை, சேலையை மாற்றிக்கொண்டு தட்டைத் துண்டில் கட்டினேன். பார்த்தால் அப்பா பஸ் கம்பெனி உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேட்டி சட்டையோடு வாசலில் நிற்கிறார். வாங்குனது என் கை, நாந்தான் குடுக்கணும் என்றார். எத்தனையோ வருடமாகப் பஸ் ஓட்டுகிற மனிதர், நேற்றுப் பயணியாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். தெரிந்த கண்டக்டர் ஒருவன், யாருக்குலா கல்யாணம் அண்ணே என்று கேட்டான், இவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழத்தில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டதால் சித்தியவான் சந்தையில் இறங்கி வேறு சீப்பு வாங்கி வைத்தோம்.

துண்டை அவிழ்க்குமுன்னேயே இருளாயி அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அப்பா தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன். அக்கா, எம்மவளுக்கு இப்பக் கல்யாணம் வேணாம், படிப்ப முடிச்சு வேலைக்குப் போவணும்னு இருக்கா, ஒங்க மவனக் காக்க வைக்க எங்களுக்கு உரிமை இல்ல, அன்னைக்கும் வேணாம்னுதான் எழுதினேன் என்றேன். அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து நம் கடிதத்தை எடுத்துவந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்க எழுதியிருக்க, காட்டு என்றார். அந்த வரியில் விரலை வைத்தேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். இத்துனூண்டா என்றார். பிறகு கேட்டார், அப்ப முன்னால ஒரு பக்கம் எழுதியிருந்தியே, எம்மவன் அப்பாவக் குளிப்பாட்டினான், ஊட்டிவிட்டான்னு, அதெல்லாம் எங்களச் சமாளிக்கத்தான் எழுதினியா?

அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தேன் தவமணி. இல்லக்கா, அதுல ஒரு வார்த்தைகூட நானாப் போட்டது இல்ல, மூணு பேருகிட்டத் தனித்தனியாக் கேட்டேன், பக்கத்து வீட்டு மாக்சிக் தெனமும் கண்ணால பாத்தாங்களாம் என்றேன். அவ பாத்தாளா என்று வேலிப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அழுதார். அப்பாவோட மானம் போயிரும், வெளிய சொல்லாதேன்னு எம்மவன் என் வாயக் கட்டி வச்சிருந்தான் தங்கச்சி, யாருக்குமே தெரியாம போயிருச்சேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன், பத்துமலைய அந்தப் பக்கத்தத்தான் திருப்பித் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். கடிதத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. மடித்துப் பழையபடி சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். பிறகு சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அப்பாவிடம் கொடுத்தார். இவர் அதை உரிக்கத் தெரியாத குழந்தை போலக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சதாசிவத்தை நாங்கள் பார்க்கவில்லை, வேலைக்குப் போயிருந்தான். பார்த்திருந்தால் என் முடிவு ஆடியிருக்குமோ என்னவோ, அதனால் பார்க்காததே நல்லது. பத்துமலைக்கு நம் மேல் கோபம் இருக்கும், சின்னையா அண்ணன் இனி நம் வீட்டுப் பக்கம் வர மாட்டார், அதெல்லாம் நாங்கள் பட்டுக்கொள்கிறோம். உனக்கு வணிகக் கடித வகுப்பு எடுக்கிற அம்மாவிடம் மட்டும் ஒன்று சொல். மறுப்புக்கு முன்னால் வைக்கிற நல்ல வார்த்தை கடிதம் வாங்கியவர்கள் வீட்டில் தங்கிவிடுகிறது, உண்மையாக இல்லாவிட்டால் அதை வைக்க வேண்டாம் என்று சொல்.

நீயும் எனக்கு அந்த முறையில் எழுதாதே. போன கடிதத்தில் விடுதிச் சாப்பாடு, நூலகம், தோழி பாட்டு என்று எழுதிக்கொண்டே வந்து நடுவில் காய்ச்சல் வந்து போனது என்று ஒரு வரி செருகியிருந்தாய், நான் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைப்பா. உடம்புக்கு வந்தால் முதல் வரியிலேயே எழுது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தவறாதே, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படி. கட்டுரையை முடித்துவிடு மகளே. அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அது வீணாகப் போகக் கூடாது. அப்பா ஆசி சொல்லச் சொன்னார், நேற்றிலிருந்து அவருக்கும் நன்றாகத் தூக்கம் வருகிறது. எடுத்ததை முடித்து நிமிர்ந்து நில், அம்மாவின் ஆசி எப்போதும் உன் தலைமேல் இருக்கும்.

இந்தக் கடிதத்துக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன், பார். இந்தத் தடவை கை மறந்து வைத்தது இல்லை, தெரிந்தே வைத்தது.

இப்படிக்கு
உன் அம்மா
ஐ. வீரம்மா