ஏழாம் கோட்டை வாசலில் உன் மந்திரவாதி

என் மகள் கூடத்தில் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருக்கிறாள். பித்தளைக் கட்டைகள் மரத்தரையில் விழுந்து கலகலவென்று ஓடுகின்றன. கீழ்வீட்டு அம்மாள் எந்த நிமிடமும் மேலே வந்து மணியடிக்கலாம். அடிக்கட்டும். நீ கண்மூடி ஒரு குளிர்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. இந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் நீ எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.

அந்தக் கட்டைகளை அம்மா திருச்சியில் என் பெட்டிக்குள், சட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பியிருந்தாள். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில் அவற்றை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்த நீ, "ஐசே, இதை வச்சு ஒரு ராச்சியமே நடத்தலாம்" என்றாய். சொன்னபடியே நடத்தவும் செய்தாய். இரண்டாயிரத்துகளின் அந்த வருடங்களில், ஞாயிறு மதியச் சோறு முடிந்ததும் விடுதியில் இருந்த நாம் நாலு பேரும் உன் மாயக் கதைக்குள் புகுந்துவிடுவோம். ஏழு கோட்டைகள், பேசும் மரங்கள், பறக்கும் மீன்கள். நாங்கள் மூவரும் வீரர்கள், நீ கதைசொல்லி. ஊரில் ஆடுகிற தாயம் போலவே, தாயம் விழுந்தால்தான் கோட்டைக்குள் நுழையலாம். விழாதவன் வாசலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அந்தக் கதையின் வில்லன் கருவாளன் என்ற மந்திரவாதி. ஊர்களை எரிப்பவன், ஆறுகளை உறையவைப்பவன். அவனைத் தீர்த்துக்கட்ட எங்களுக்குக் கை பரபரத்தது. நீ விடவில்லை.

"கொல்லலாம். அவன் எந்தெந்த இடத்தில கெட்டதுக்குத் திரும்பினவன் எண்டு முதல்ல கண்டுபிடியுங்கோ. அது தெரியாமல் உங்கட வாள் அவனை வெட்டாது."

வில்லனுக்கு எதற்குடா வாழ்க்கை வரலாறு என்று நான் குதித்தேன். "தொட்டில்ல கிடக்கேக்கையே ஒருத்தனும் ஊரை எரிக்கிறேல்லை, மச்சான்" என்று சொல்லிவிட்டு நீ தேநீர் ஊற்றப் போனாய்.

முதல் திருப்பத்தைக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. சிறுவனாக இருந்தபோது, காய்ச்சலில் நடுங்கும் அம்மாவோடு அவன் ஒரு கோட்டை வாசலில் நின்றிருக்கிறான். காவலன் அவளை ஏளனமாகப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறான். இரண்டாவது திருப்பம், அவன் உருவாக்கிய மந்திரத்தை அவனுடைய குருவே இன்னொரு சீடனுடையது என்று அரசனிடம் சொன்னது. மூன்றாவதை மட்டும் நீ வாய் திறந்து சொல்லவே இல்லை.

அந்தக் காவலனின் சிரிப்பை நீ சிரித்துக் காட்டியது எனக்கு என்னவோ செய்தது. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது கேட்டேவிட்டேன். நீ ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்தவன். இலங்கையிலிருந்து அகதியாக வந்த அம்மாவுக்கு, பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே அலுவலகங்களில் நீதான் மொழிபெயர்ப்பாளன். ஓர் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அம்மாவைப் பற்றி ஏதோ கேவலமாகச் சொல்லிச் சிரித்தாராம். என்ன சொல்கிறார் என்று அம்மா உன்னிடம் கேட்டாராம்.

"நாளைக்கு வரட்டாம் எண்டு சொன்னனான். அண்டைக்கு எனக்கு ஒரு மந்திரம் தெரிஞ்சிருந்தால் அந்தக் கட்டடம் இண்டைக்கு இருந்திராது."

"அப்புறம் நீ ஏன்டா கருவாளன் ஆகலை?"

"வெளியில வந்தவுடனை அம்மா பசிக்குதோ எண்டு கேட்டவ. ஓம் எண்டன். அவ்வளவுதான்."

நான் அப்போது கேட்க ஆளில்லாமல் இருந்தேன். சரியாகச் சொன்னால், யாரையும் கேட்கவிடாமல் இருந்தேன். ஒரே பாடத்தில் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள், பின்னாலேயே விசாவும் போய்விடும். உதவி கேட்டால் மானம் போய்விடும் என்று நம்பி வளர்ந்தவன் நான். பாஸானவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீரன் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிச் சாய்த்தான். "மச்சான், நீ கருவாளனை விட மோசமா விளையாடுறாய்" என்றாய்.

தேர்வு முடிவு வந்தது. தோற்றிருந்தேன். அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். அம்மாவின் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. ஞாயிறு மதியம் நீ வந்து கதவை உதைத்தாய். "அழுறதெண்டாலும் வெளியில வந்து அழு, விசரா!"

சமையலறையில் நம் இருவரைத் தவிர யாரும் இல்லை. "இண்டைக்கு நீதான் கருவாளன். ஏழாம் கோட்டை வாசல், கதவு பூட்டியிருக்கு. உருட்டு" என்றாய். உருட்டினேன், தாயம் விழவில்லை. மறுபடி உருட்டினேன், விழவில்லை. எனக்கு எங்கே விழப்போகிறது!

"எரிக்கிறேன்" என்றேன்.

"சரி, எரிஞ்சுது. பிறகு?"

"எல்லாக் கோட்டையையும் எரிக்கிறேன்."

"எல்லாம் சாம்பல். பிறகு?"

"பிறகு என்னடா பிறகு!"

"பிறகு எங்க போய்ப் படுப்பாய்?"

கட்டைகளை ஜன்னலுக்கு வெளியே வீசி எறியக் கையை ஓங்கினேன். நீ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "இந்தக் கோட்டைக்குத் தாயம் தேவையில்லை. தட்டினால் திறப்பினம்."

"அழுகுணி ஆட்டம்டா இது! ரூல்ஸை மாத்தாத!" மூக்கு ஒழுக அழுதுகொண்டே சட்டம் பேசினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு மேசையைக் காட்டி, "தட்டு" என்றாய். தட்டினேன்.

"ஆர்?" என்றது காவலனின் குரல்.

"கருவாளன்."

"என்ன வேணும்?"

எரிக்க வந்திருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஃபெயில் ஆயிட்டேன். என்ன செய்யறதுன்னே தெரியலை" என்று வந்தது. அதுவரை எந்த மனிதரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

"ஓம், வா உள்ளுக்கு" என்றாய். "இதுதான் மூண்டாவது திருப்பம். எந்தப் பக்கம் திரும்புவான் எண்டு எனக்கும் தெரியாது. பயந்துகொண்டுதான் இருந்தனான்."

மறுநாளே எனக்காகப் பல்கலைக்கழக ஆலோசனை அலுவலகத்தில் டெர்மின், அதுதான் சந்திக்க நேரம், வாங்கிவிட்டாய். வேறு ஊரில் வேறு படிப்புக்கு விண்ணப்பித்தோம். எப்படிக் கிடைக்கும் என்று நான் முனகியபோது, "ஏலாது எண்டு அவை சொல்லட்டும், நீ ஏன் முந்திச் சொல்றாய்?" என்று கடிந்துகொண்டாய். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை, இடம் கொடுத்தார்கள். விசா அலுவலகத்தில் என் அரைகுறை ஜெர்மனுக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்தாய். அந்த அம்மையார் பேசப் பேச ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னாய். வெளியே வந்து, "இண்டைக்கு ஒண்டையும் மாத்திச் சொல்லத் தேவை வரேல்லை" என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாய்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோதுகூட, "கருவாளன் இப்ப என்ன செய்யிறான்?" என்று கேட்டாய். வேலைக்குப் போகிறான், மகளிடம் தினமும் திட்டு வாங்குகிறான் என்றேன். "கெட்டிக்காரன்" என்றாய். எவ்வளவு நல்லவன்டா நீ! அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

கோபம் எனக்கு இன்றும் போகவில்லை. போன வாரம், நான் இராப்பகலாக உழைத்த வேலையின் பொறுப்பை அலுவலகத்தில் இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தையே கொளுத்திவிடலாம் போல இருந்தது. ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதியே முடித்துவிட்டேன். அப்போது காதுக்குள் "பிறகு?" என்றாய் நீ. எழுந்து போய் மேலாளரின் கதவைத் தட்டினேன்.