திட்டுத் திட்டாய் வந்த கண்ணாடிகள்

இன்று தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு துணிக்கடையில் கருப்பு வெல்வெட்டைத் தொட்டுவிட்டேன். விரல் தானாகவே ஒரே திசையில் தடவியது. வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

நம் ஆய்வகத்தில் கண்ணாடித் துண்டின் மேல் பாலிமரை மெல்லிய படலமாகப் பூசி, ஓவனில் சுட்டு இறுக வைப்பது என் வேலை. ஆறியதும் அதை வெல்வெட்டால் ஒரே பக்கமாகத் தேய்ப்பது உன் வேலை. அப்படித் தேய்த்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகத்தை விட்டால், அதன் மூலக்கூறுகள் தேய்த்த திசையிலேயே படுத்துக்கொள்ளும். "தல வாரின மாதிரி படியணும்டி" என்பாய்.

படியவில்லை. இரண்டு மாதமாக நுண்ணோக்கியில் எல்லாமே திட்டுத் திட்டாகத் தெரிந்தன. நம் ஆய்வுக்கு வழிகாட்டிய சார் காரணம் கேட்டபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய்.

"தேய்க்கிறதுலதான் சார் பிரச்சனை. அவ கை ஒரே மாதிரி வர்றதில்ல" என்றேன்.

மறுநாளிலிருந்து உனக்குக் கண்ணாடி கழுவும் வேலை. சில வாரங்களில் ஆய்வையே விட்டுவிட்டு, பெரும்பாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டாய்.

நீ போன பிறகு நானே தேய்த்தேன். திட்டுகள் போகவில்லை. ஒருநாள் செமினாருக்குப் போனவள் ஓவனை மறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கூடுதலாக வெந்த அந்தக் கண்ணாடியில்தான் படிகம் முதல்முறையாகச் சீராகப் படிந்தது. மாலை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், படலம் இறுகுமுன்பே அத்தனை நாளும் எடுத்தது நான்தான். நேரத்தை மாற்றிக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. உன் எண்ணை எடுப்பேன், போனை வைத்துவிடுவேன். எட்டு மாதம் அப்படியே போயிற்று. பிறகு உனக்கு மூளைக்காய்ச்சல் என்றார்கள். நான்கே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

போன மாதம் சாரிடம் போய்ச் சொன்னேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார். நீ இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

அங்கிருந்து நேராக அனகாபுத்தூருக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் தங்கை கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அக்காவுக்கு அப்பவே தெரியும்" என்றாள். "நீங்க டிரெயினுக்கு ஓடுறதுக்காக ஓவன சீக்கிரமாத் தொறந்துடுறீங்கன்னு எங்கிட்ட சொல்லிச்சு."

"அப்புறம் ஏன் சார்கிட்ட சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்துச்சுக்கா."

உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். உட்கார முடியவில்லை. பஸ்ஸுக்கும் நிற்க முடியாமல் பல்லாவரம் வரை நடந்தேன்.

நீ கோபப்பட்டிருந்தால் அதைத் தாங்கியிருப்பேன். என்னை நம்பி நீ காத்திருந்த அந்த எட்டு மாதத்தை எங்கே இறக்கிவைப்பதென்றுதான் தெரியவில்லை.